பார்க்காதே என்றாள்

கி.பி. 712-ல் தொகுக்கப்பட்ட ஜப்பானியப் புராண நூல் 'கொஜிகி'. அதில் ஒரு புருஷன் பெண்டாட்டி தகராறு வருகிறது. யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் சொல்லுங்கள்.

புருஷன் இஸானகி, மனைவி இஸானமி. ஜப்பான் தீவுகளையே பெற்றுப்போட்ட தம்பதி. நெருப்புக் கடவுளைப் பெற்றபோது உடம்பு கருகி அவள் இறந்துபோகிறாள். போன இடம் யோமி. மேலே தேவர்களின் 'தகாமகஹாரா', நடுவில் நாணல் வளர்ந்த நம் பூமி, கீழே இருட்டாக யோமி. இது நரகமில்லை, கவனியுங்கள். பாவக் கணக்குப் பார்க்கிற சித்திரகுப்தன் சமாச்சாரமெல்லாம் அங்கே கிடையாது. செத்தால் போகிற இடம், அவ்வளவுதான்.

மனைவியை மீட்க இஸானகி அங்கேயே போய்விடுகிறான். அவள் சொல்வதை நம் பாஷையில் சொன்னால்: "லேட்டா வந்துட்டீங்களே! இங்கே சாப்பிட்டுட்டேன். இருங்க, பெரியவங்ககிட்ட பேசிட்டு வர்றேன். அதுவரைக்கும் என்னைப் பார்க்காதீங்க."

காத்திருந்து காத்திருந்து, பொறுமை போய், தலைச்சீப்பில் ஒரு பல்லை ஒடித்துக் கொளுத்திப் பார்த்துவிடுகிறான். புழு நெளிகிற உடம்பு. எடுத்தான் ஓட்டம். "இப்படி என்னை அவமானப்படுத்திட்டீங்களே!" என்று அவள் ஆட்களை ஏவித் துரத்துகிறாள். 'துரோகி' என்று திட்டவில்லை. அவமானம் என்கிறாள்.

கடும் நோயில் கிடக்கிற சிலர் 'யாரும் பார்க்க வர வேண்டாம்' என்று சொல்லிவிடுவார்கள். நாம் கேட்போமா? ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய் நின்று, "என்ன இப்படி இளைச்சுட்டீங்க?" என்போம். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் யாருடைய திருப்திக்கு? சரி, சொன்னபடி போகாமலே இருந்துவிட்டால்? அதிலும் ஒரு நிம்மதி இருக்கிறதே, அது இன்னும் மோசம். என்னைக் கேட்டால், இஸானகி பார்த்ததைக்கூட மன்னித்துவிடலாம். பார்த்தபின் ஓடினானே, அதுதான் உறுத்துகிறது.

ஓடியவன் யோமியின் வாசலைப் பாறையால் அடைத்துவிட்டான். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன். விவாகரத்து. "உன் ஜனங்களில் தினம் 1,000 பேரைக் கொல்வேன்" என்றாள். "1,500 பேரைப் பிறக்க வைப்பேன்" என்றான். (ஜப்பானில் 2007 முதல் வருஷா வருஷம் பிறப்பைவிட இறப்புதான் அதிகம். பந்தயத்தில் அவள் கை ஓங்கிவிட்டது!)

சாவு வீட்டுக்குப் போய்வந்தால் நாம் தலைமுழுகுகிற மாதிரி, இஸானகியும் ஆற்றில் இறங்கித் தீட்டைக் கழுவினான். வலக்கண்ணிலிருந்து சந்திரன் வந்தான். மூக்கிலிருந்து, பின்னால் பெரிய ரகளையெல்லாம் செய்யப்போகிற சுசானோ. இவர்களுக்கெல்லாம் முன்னால், அவளைப் பார்த்த அந்தக் கண்களில் இடது கண்ணைக் கழுவியபோது பிறந்தவள்தான் சூரிய தேவி அமதெராசு.