அப்பாவின் காரில் எது அசல்?

கோயில் மலரில் மோட்டார் காரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம். டெட்ராய்ட் வட்டாரத்தில் குடியேறிய நம்மில் பலருக்குச் சோறு போட்டதே கார்தான். மேலும், சென்ற கோடையில் நம் குடும்பங்களில் ஒன்றில் எழுந்த ஒரு கேள்வி, காரைத் தாண்டி வேறெங்கோ நம்மைக் கொண்டுபோய் விட்டது. அதைப் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம். பெயர்கள் வேண்டாம். யாரென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த வீட்டுப் பெரியவர் 1971-இல் மேற்படிப்புக்காக இங்கு வந்தார். படிப்பு முடிந்து எஞ்சினியராக வேலையில் சேர்ந்து, 1975-இல் ஒரு கார் வாங்கினார். 1969-ஆம் வருடத்துப் பான்டியாக் ஜி.டி.ஓ., கரும்பச்சை நிறம், இரண்டாம் கை. இன்று 'மசில் கார்' என்று சொல்லப்படும் வகையைத் தொடங்கி வைத்தது இந்த ஜி.டி.ஓ.தான் என்பது பெரும்பாலோர் கருத்து. நடுத்தர அளவுள்ள வண்டிக்கு 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகம் விதி வைத்திருந்த காலம் அது. பான்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய கூட்டாளிகளும், 389 கன அங்குல எஞ்சினை 'விருப்பமிருந்தால் வாங்கிக்கொள்ளலாம்' என்ற பட்டியலில் சேர்த்து, 1964-இல் அந்த விதியின் பக்கவாட்டில் நழுவிவிட்டார்கள். நம் பெரியவர் வாங்கிய 1969 வண்டியில் 400 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 6.6 லிட்டர். ஊரில் நாம் பார்த்து வளர்ந்த அம்பாசிடர் 1489 சி.சி. என்பதை நினைத்துப் பார்த்தால் அன்று அவர் அடைந்த மயக்கம் புரியும். கூலிக்கு மாரடிக்கும் இளைஞருக்கு அது எப்படிக் கட்டுப்படியாயிற்று என்று கேட்கலாம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு இவ்வளவு பெட்ரோல் குடிக்கும் வண்டியை வைத்திருக்க யாருக்கும் துணிவில்லை. காப்பீட்டுக் கட்டணமும் ஏறியிருந்தது. அதனால் விலை விழுந்திருந்தது.

அன்றைக்குப் பக்கத்தில் கோயில் கிடையாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தும் இடத்திலேயே அவருடைய மனைவி சந்தனம் குங்குமம் இட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினார். டேஷ்போர்டின் விளிம்பில் இட்ட அந்தச் சந்தனக் குங்குமம் வினைலில் ஊறி, ஒரு மங்கலான செந்நிறக் கறையாக இன்றுவரை இருக்கிறது.

1977-இல் அந்த அம்மாள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது கராஜ் தூணில் இடித்து முன் மட்கார்டு ஒடுங்கியது. கணவரே சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, கையில் கிடைத்த ஒரு பச்சையை அடித்தார். பொருந்தாத பச்சை. 1979-இல் சிகாகோவுக்குப் போகும் வழியில், கலமாசூவைத் தாண்டும்போது எஞ்சினில் ஒரு கம்பி முறிந்து பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பழைய இரும்புக் கடையில் வேறொரு பான்டியாக்கின் எஞ்சினை வாங்கிப் பொருத்தினார். பின்னர் பிள்ளைகள் பிறந்து, வசதியான வேன் வந்து, ஜி.டி.ஓ. கராஜின் மூலைக்குப் போயிற்று. அவரும் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார்.

மகன் அந்தக் காரைப் புதுப்பித்துக் காட்சிகளுக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டார். பான்டியாக் வண்டிகளுக்கு ஒரு வசதி உண்டு. நிறுவனத்தின் பழைய ஏடுகள் காக்கப்பட்டிருப்பதால், வண்டியின் எண்ணைக் கொடுத்தால் அது ஆலையை விட்டுப் புறப்பட்டபோது போட்ட விலைப்பட்டியலின் நகலை வாங்கிவிடலாம். நகல் வந்தபோது வீடே திகைத்தது. அது 'ராம் ஏர் 4' எஞ்சினோடு பிறந்த வண்டி! 1969-இல் பான்டியாக் 72,000-க்கும் அதிகமான ஜி.டி.ஓ.க்களைச் செய்தது. அந்த எஞ்சின் பொருத்தியவை ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. அத்தகைய எஞ்சினைத்தான் பெரியவர் 1979-இல் பழைய இரும்பாகப் போட்டுவிட்டு வந்திருந்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? அன்று அது உடைந்த எஞ்சின், அவ்வளவுதான்.

புதுப்பிக்கும் பட்டறைக்காரர் வந்து பார்த்தார். துருப்பிடித்த தரை, டிக்கி, பின்பக்கத் தகடுகள் எல்லாம் மாற்ற வேண்டும் என்றார். மிச்சிகன் குளிர்காலத்து உப்பைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. மட்கார்டை மாற்ற வேண்டும், டேஷ்போர்டு மேலுறை புதிதாகவே கிடைக்கிறது, அந்தக் கறை படிந்ததை எடுத்தெறிந்துவிடலாம் என்றார். எஞ்சினுக்கும் ஒரு யோசனை சொன்னார். அதே காலத்தில் வார்த்த ராம் ஏர் 4 பிளாக் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் பழைய எண்ணை இழைத்துவிட்டு, இந்த வண்டியின் எண்ணைப் பொறித்துவிட்டால் 'எண் பொருந்திய' கார் ஆகிவிடுமாம். மதிப்பும் பல மடங்கு ஏறுமாம்.

முதலில் இந்தக் கடைசி யோசனையைப் பார்த்துவிடுவோம். நமக்கு இதில் ஐயம் எதுவும் இல்லை. வேறு எஞ்சின் பொருத்துவது பழுது பார்த்தல். அது கூடவே பிறந்ததுபோல எண் அடிப்பது பொய். நிபுணர்கள் ஆலை எந்திரம் பிளாக்கின் மேல் விட்டுச்சென்ற மெல்லிய கோடுகள் அப்படியே இருக்கின்றனவா என்று பார்த்து இதைக் கண்டுபிடிப்பதுண்டு. ஆனால் கண்டுபிடிப்பார்களா மாட்டார்களா என்பது நம் கேள்வியே இல்லை. மகனும் ஒரு இரவு முழுவதும் யோசித்திருக்கிறார். "தப்புன்னு உடனே தெரிஞ்சுது மாமா. வேண்டாம்னு சொல்லத்தான் காலையில் வரைக்கும் ஆச்சு" என்று நம்மிடம் ஒளிக்காமல் சொன்னார். இரண்டு குழந்தைகளின் கல்லூரிச் செலவு அந்த எண்ணில் இருந்தது. அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

மற்றவைதாம் கடினம். காட்சிகளில் நடுவர்கள் கேட்கும் 'அசல்' எது என்று விசாரித்தோம். கார் ஆலையின் வாசலைத் தாண்டிய அந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி இருக்க வேண்டும். அதைவிடப் பளபளப்பாக இருந்தாலும் தவறு. அன்று தகடுகளுக்கு இடையில் இடைவெளி ஒரே சீராக இருந்ததில்லை, பெயிண்ட் அங்கங்கே தூறியிருக்கும், சரிபார்த்த தொழிலாளி அவசரத்தில் கிரேயானால் ஒரு கோடு கிழித்திருப்பார். நன்றாகப் புதுப்பிப்பவர்கள் பழைய புகைப்படங்களைப் பார்த்து அந்தக் கிரேயான் கோட்டையும் திரும்ப வரைகிறார்கள்! முகம் தெரியாத ஒரு தொழிலாளியின் கைக்கு இத்தனை மரியாதை செய்கிறார்களே என்று நாம் நெகிழ்ந்தே போனோம். அதே மூச்சில், ஒரு மனைவி இட்ட குங்குமத்தை எடுத்தெறியச் சொல்கிறார்கள்.

அந்த 1969-ஆம் வருடத்து நாளில் இந்தக் குடும்பம் அமெரிக்காவிலேயே இல்லை. அசலுக்குத் திரும்புவது என்றால் அவர்கள் வருவதற்கு முந்தைய நாளுக்குத் திரும்புவது. 'ஒரே குடும்பத்தில் நெடுங்காலம் இருந்த கார்' என்று அட்டையில் எழுதி முன்னால் வைப்பார்கள், காரிலோ குடும்பத்தின் சுவடே இருக்காது.

கிரேக்கத் தத்துவ ஞானிகள் இதை வேறு வகையில் கேட்டார்கள். தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் பாதுகாத்தார்கள். உளுத்த பலகையை எடுத்துப் புதுப் பலகை வைத்து வைத்து, அது இன்னும் அதே கப்பல்தானா என்ற வாதம் எழுந்ததாகப் புளூடார்க் எழுதியிருக்கிறார். கழித்துப்போட்ட பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது உண்மையான கப்பல் என்று பின்னாளில் தாமஸ் ஹாப்ஸ் கேட்டார். இன்று சில பழைய கார்களுக்கு முழுக்கூடே புதிதாக விற்பனைக்குக் கிடைக்கிறது என்பதால், இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஆனால் ஞானிகள் பலகையைப் பற்றித்தான் கேட்டார்கள். அதில் பயணம் போனவர்களின் கைரேகை எங்கே போயிற்று என்று கேட்டதாகத் தெரியவில்லை.

வேறு வழியில் போன ஒரு குடும்பமும் உண்டு. 1968-இல் வெளிவந்த 'புல்லிட்' திரைப்படத்தில் ஸ்டீவ் மெக்குயின் ஓட்டிய மஸ்டாங்கை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதை 1974-இல் பத்திரிகை விளம்பரம் பார்த்து ஒருவர் வாங்கினார். மனைவி பள்ளிக்கூட ஆசிரியை, அதை ஓட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போவார். 1977-இல் மெக்குயினே கடிதம் எழுதித் திரும்பக் கேட்டும் கொடுக்கவில்லை. 1980-இல் கிளட்ச் போனது, வண்டி ஓரமாக நின்றுவிட்டது. தந்தை 2014-இல் மறைந்த பின், மகன் அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார். பெயிண்ட் அடிக்கவில்லை, ஒடுக்கை எடுக்கவில்லை. 2018 ஜனவரியில் நம் டெட்ராய்ட் கார்க் கண்காட்சியில் துருவும் கீறலுமாக அது வந்து நின்றபோது கூட்டம் மொய்த்தது. 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவில் ஏலத்தொகை 34 லட்சம் டாலருக்குப் போயிற்று. சினிமாக்காரர் தொட்ட கீறலுக்கு விலை உண்டு, நம் வீட்டுக் கீறலுக்கு யார் கொடுப்பார் என்று கேட்பவர்களுக்கு நம்மிடம் பதில் இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் அப்படியே விடுவதுதான் நேர்மை என்றும் சொல்ல முடியாது. கால் வைத்தால் ரோடு தெரியும் தரையில் என்ன நினைவு இருக்கிறது? ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்து, இது பாட்டியின் பாத்திரம் என்று பெருமை பேசினால் வயிறுதான் கெடும். தரையையும் டிக்கியையும் பிரேக்கையும் மாற்றுவதில் வீட்டில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

சண்டை மட்கார்டில் வந்தது. மகன் அதைத் தொடக்கூடாது என்றார். அம்மாளோ எடுத்தே ஆக வேண்டும் என்றார்.

"அப்பா தன் கையாலே தட்டி நிமிர்த்தினதும்மா."

"அவர் தட்டினதாலேதான் இவ்வளவு கோணலா இருக்கு. போற வர்றவங்க எல்லாம் யார் இடிச்சதுன்னு கேக்கணுமா? நாப்பது வருஷமா கேட்டாச்சு."

நாம் சிரித்துவிட்டோம், பிறகு யோசித்தோம். மகனுக்குத் தந்தையின் கை தெரிந்த இடத்தில், தாய்க்குத் தன் அவமானம் தெரிகிறது. இடித்தவர் அவர். நினைவு யாருடையதோ அவருக்குத்தானே அதை வைத்துக்கொள்ளவும் போக்கிக்கொள்ளவும் உரிமை? மட்கார்டு நிமிர்ந்தது. மகனுக்கு இன்றும் அதில் வருத்தம்தான்.

பின் இருக்கையில் ஒரு சிகரெட் சுட்ட ஓட்டையும் இருந்தது. 1975-க்கு முன் வைத்திருந்தவர் விட்டுப்போனது. இருக்கை உறை மாற்றியபோது அதுவும் போயிற்று. அவருக்காகப் பேச அந்த வீட்டில் ஆள் இல்லை. நாமும் பேசவில்லை. இதை எழுதும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது.

எஞ்சினில் எண் அடிக்கவில்லை. 1979-இல் வாங்கிய அதே எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டினார்கள். பட்டறைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே செய்துகொடுத்தார். டேஷ்போர்டு உறையும் பழையதுதான்.

ஆண்டுதோறும் ஆகஸ்டில் உட்வார்ட் அவென்யூவில் இத்தகைய கார்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போவதை 1995 முதல் நாம் பார்த்து வருகிறோம். அங்கே மதிப்பெண் கிடையாது, ஓட்டிக்கொண்டு போனால் போதும். ஜி.டி.ஓ. முதலில் போனது மதிப்பெண் போடும் ஒரு சிறிய காட்சிக்கு. நாமும் கூடப் போயிருந்தோம். அம்மாள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, எல்லோருக்கும் டப்பாவிலிருந்து தயிர்சாதம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நடுவர் வயதானவர், மிகவும் மரியாதையானவர். எஞ்சின் எண்ணைப் பார்த்துத் தாளில் குறித்தார். பிறகு உள்ளே குனிந்து, டேஷ்போர்டில் இருக்கும் கறை என்ன, ஆலையிலிருந்தே வந்ததா என்று கேட்டார். மகன் பதில் தேடிக்கொண்டிருக்கையில் அம்மாள் எழுந்து வந்து, அது 1975-இல் தாம் வைத்தது என்று சொல்லி, எலுமிச்சம்பழம் எந்தச் சக்கரத்தின் கீழே இருந்தது என்பதையும் கையால் காட்டினார். அவர் குனிந்து அந்தச் சக்கரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மதிப்பெண் குறைந்தது. மழை வருமென்று சொன்னதால் பரிசளிப்புக்கு நிற்காமல் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டோம். வரும்போது அம்மாள் சிறிது தூரம் ஓட்டினார்.