ஆசனம் யாருக்கு உரியது?

ஒருவன் விலை கொடுத்து முறைப்படி பெற்ற பொருளைப் பிறர் கேட்கும்போது கொடுத்தே தீரவேண்டுமா? கொடாதவன் குற்றவாளி ஆவானா? இவ்வினா ஏடுகளைப் படித்ததால் என் நெஞ்சில் எழுந்ததன்று. ஆகாய விமானத்தில், ஒன்றரை அடி அகலமுள்ள ஓர் ஆசனத்தைப் பற்றி எழுந்தது.

2023-ஆம் ஆண்டில் நண்பர்கள் சிலர் ஒரு கூட்டத்தில் பேசுவதற்காக என்னைப் பெங்களூரிலிருந்து டில்லிக்கு அழைத்திருந்தனர். இருபத்திரண்டு ஆண்டுகள் தறியின்முன் நின்று தேய்ந்துபோன முழங்கால் எனக்கு. அதை நீட்டிக்கொள்ள வசதியாக, நடைவழியை ஒட்டிய ஆசனத்தைத் தனிக்கட்டணம் செலுத்திப் பெற்றிருந்தேன். எனக்கு அடுத்த நடு ஆசனத்தில் கைக்குழந்தையோடு ஒரு தாய் அமர்ந்தாள். ஆறு வயதிருக்கும் அவளுடைய மூத்த மகளுக்கோ, மூன்று வரிசைக்குப் பின்னால் முன்பின் அறியாத இருவருக்கு நடுவில் இடம் கிடைத்திருந்தது.

“ஐயா, தாங்கள் அங்கே மாறி அமர இயலுமா?” என்று அந்தத் தாய் தயக்கத்துடன் கேட்டாள். நான் வாய் திறக்குமுன், நடைவழிக்கு அப்பால் இருந்த ஒருவர், “தனியாளாகத்தானே வருகிறீர்கள்! எழுந்து போனால் என்ன?” என்று பலரும் கேட்கும்படி உரக்கக் கூறினார். அவர் தமது ஆசனத்தைக் கொடுத்திருந்தாலும் அச்சிறுமி தாயின் கண்ணெதிரே அமர்ந்திருப்பாள். அது அவருக்குத் தோன்றவில்லை. எனக்குச் சினம் மூண்டது. “பணம் கொடுத்து வாங்கிய இடம், முழங்கால் வலி வேறு” என்று மறுத்துவிட்டேன்.

விமானம் மேலெழும்பியது. பின்னாலிருந்து அச்சிறுமியின் அழுகுரல் கேட்டது. இடைவாரை அணியச் சொல்லும் விளக்குக் குறி அணையும்வரை எவரும் எழுதல் கூடாது. கால் மணி நேரம் அவ்வழுகையைக் கேட்டுக்கொண்டே அமர்ந்திருந்தேன். குறி அணைந்தவுடன் எழுந்து போய் அவளை அனுப்பினேன். அவள் தாயின் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டாள். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தை என்னால் திருப்பிக் கொடுக்க இயலவில்லை.

நிற்க. நான் மறுத்தது குற்றமா? முழங்கால் வலி பொய்யன்று. பிணியாளன் தன் உடலைப் பேணுதல் தவறுமன்று. ஆயினும் என்னையே நான் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன்: அந்த மனிதர் வாளாவிருந்தால் நான் மறுத்திருப்பேனா? மறுத்திருக்க மாட்டேன். ஆகவே என் மறுப்புக்குக் காரணம் சினமே. வலி பின்னர் தேடிக்கொண்ட சாக்கு. மறுக்கும் உரிமை எனக்கு இருந்தது. ஆனால் அவ்வுரிமையை ஒருவர்மீது கொண்ட கோபத்தைத் தீர்க்கப் பயன்படுத்தி, அதன் துன்பத்தை வேறொரு குழந்தையின் தலையில் ஏற்றினேன். குற்றம் அங்கேதான் இருக்கிறது.

இனி, கேட்பவர் நிலையையும் எண்ணிப் பார்ப்போம். எல்லாக் கோரிக்கையும் ஒரு தன்மையன அல்ல. கணவனும் மனைவியும் அருகருகே அமர்ந்து பேச விரும்புதல் ஆசை. சிறு குழந்தை தாயருகே இருத்தல் தேவை. விமானத்தில் காற்றழுத்தம் குறைந்தால் பெரியவர் முதலில் தாம் முகமூடியை அணிந்து, பிறகு குழந்தைக்கு அணிவிக்க வேண்டும் என்று அறிவிக்கிறார்கள். தாய் மூன்று வரிசைக்கு முன்னால் இருந்தால் அணிவிப்பவர் யார்? ஆகவே தேவைக்கு இடம் கொடுத்தல் கடமை. ஆசைக்கு இடம் கொடுத்தல் கொடுப்பவரின் விருப்பம். கேட்பவரும் தம்முடையதைவிடத் தாழ்ந்த இடத்தைப் பிறர் தலையில் கட்டலாகாது. கேளாமல் பிறர் இடத்தில் அமர்ந்துகொண்டு வழக்காடலாகாது. மறுத்தவரை இகழ்தலும் ஆகாது. விமானச் சிப்பந்திகளிடம் முதலில் தெரிவிப்பதே முறை. அவசர வழியை ஒட்டிய ஆசனத்தில் குழந்தைகள் அமரக்கூடாது என்பது போன்ற விதிகளை அவர்களே அறிவார்கள்.

மற்றொன்றும் உண்டு. நான் வேலை செய்த ஆலையில் நூற்றைம்பது பேருக்கு ஒரே தண்ணீர்க் குழாய் இருந்தது. உணவு இடைவேளைக்குச் சங்கு ஊதியதும் குழாயடியில் நாள்தோறும் சண்டை. முண்டியடித்த ஒருவனை நான் நெடுநாள் கெட்டவன் என்றே எண்ணியிருந்தேன். தொழிலாளர் முறையிட்டு மேலும் மூன்று குழாய்கள் வந்தன, சண்டை நின்றது. அந்தக் ‘கெட்டவன்’ எனக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுக்கும் நண்பனானான். குறை அவனிடம் இல்லை. குழாயின் எண்ணிக்கையில் இருந்தது.

விமானத்திலும் அவ்வாறே. விரும்பிய ஆசனத்துக்குத் தனிக்கட்டணம் வாங்குவதற்கு விமானக் கம்பெனிகளுக்கு அனுமதி உண்டு. அதைச் செலுத்த இயலாத குடும்பம் பிரிந்து அமர நேர்கிறது. பிரித்தது ஒரு முறைமை. பழி சுமப்பவர்கள் ஒருவரையொருவர் அறியாத இரு பிரயாணிகள். 2024 ஏப்ரலில், விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. ஒரே பயணச் சீட்டுப் பதிவில் வரும் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒருவரின் அருகிலேனும் இடம் ஒதுக்க வேண்டும் என்பது அது. ரயில்வேயிலும் அறுபது வயதான ஆண்களுக்கும் நாற்பத்தைந்து வயதான பெண்களுக்கும், இடம் இருக்குமானால், கீழ்ப் படுக்கையைக் கணினியே ஒதுக்குகிறது. இவை நல்ல ஏற்பாடுகள். பிறர் இரக்கத்தை எதிர்பார்த்து நின்ற தேவை, இவற்றால் உரிமையாக உயர்ந்தது.

அப்படியாயின் ஈகைக்கு வேலை இல்லையோ எனின், உண்டு. தனித்தனிப் பதிவில் வந்த தாயும் சேயும், மகனைப் பிரிந்து அமர்ந்த முதியவள், நோயாளியின் துணைவர் முதலியோரைச் சட்டத்தின் சொற்கள் எட்டவில்லை. அங்கே நம் கண்ணும் நெஞ்சுமே எட்ட வேண்டும். பிறருடைய ஆசனத்தைத் தானம் செய்யச் சொல்லுதல் எவர்க்கும் எளிது. அவ்வாறு சொல்ல நா எழும்போது, நம்முடைய ஆசனத்தைக் கொடுக்கலாகுமா என்று முதலில் பார்ப்போமாக. கொடுக்க இயலாதபோது, அதற்குச் சொல்லும் காரணம் சினத்துக்கு முன் தோன்றியதா, பின் தோன்றியதா என்றும் ஆராய்வோமாக.