துருவேறாத இரும்பு யாருடைய புண்ணியம்?

பழைய மோட்டார் வண்டிகளைப் போற்றிச் சேகரிப்போரிடையே ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. கடற்கரை நகரத்தில் குடியிருக்கும் ஒருவர் அம்பாசிடரோ ஸ்டாண்டர்டு ஹெரால்டோ வாங்க விரும்பினால், பக்கத்துத் தெருவிலேயே விலைக்கு வந்திருக்கும் வண்டியை விட்டுவிட்டு, கடற்காற்று எட்டாத உள்நாட்டு ஊர்களில் அதனைத் தேடிப் புறப்படுகிறார். பனிக்காலத்தில் சாலையெங்கும் உப்பைத் தூவும் அமெரிக்க வடமாநிலத்தார் அரிசோனாவின் பாலைவெளியில் பழைய கார்களைத் தேடுவதும், ஓயாத மழையில் வாழும் ஆங்கிலேயர் கலிபோர்னியாவரை ஆளனுப்புவதும் இதே காரணம் பற்றித்தான். அத்தகைய தேட்டத்துக்கு ஏற்ற நிலம் நம் தருமபுரி மாவட்டம். நேர்க்கோட்டில் கடலிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர் விலகி, குன்றுகள் சூழ்ந்த மேட்டுநிலமாகக் கிடக்கும் இம்மாவட்டத்தில், சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்ய, 900 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே பெய்கிறது.

சேகரிப்போரின் பொழுதுபோக்காக மட்டும் தோன்றும் இவ்வழக்கத்தினுள் ஆன்மவிசாரத்துக்குரிய ஒரு கேள்வி அடங்கியிருக்கிறது. அரை நூற்றாண்டு கடந்தும் மாசுபடாமல் இருக்கும் ஒரு பொருளை நாம் கண்டெடுத்து வியக்கும்போது, அந்த மாசின்மை அப்பொருளின் சொந்தப் பெருமையா, அல்லது அது கிடந்த இடத்தின் கொடையா? இரும்பைக் குறித்து இக்கேள்வியைக் கேட்கத் துணிந்தவன், மனிதனைக் குறித்தும் அதனைக் கேட்காமல் தப்ப முடியாது.

வாகனப் பிரியர்கள் துருவுக்கு மட்டும் இவ்வளவு அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. என்ஜின் தேய்ந்தால் போர் போட்டுப் பிஸ்டன் மாற்றலாம்; இருக்கை கிழிந்தால் தைக்கலாம்; ஒயரிங் பழுதானால் முழுவதும் புதிதாக இழுத்துவிடலாம். ஆனால் 1957-58 வாக்கில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் அமைப்பைத் தழுவிப் பிறந்து 2014 வரை உற்பத்தியான அம்பாசிடருக்குத் தனியாகச் சேசிஸ் என்பதே கிடையாது. வளைத்து ஒட்டிய தகட்டுடலே அதன் எலும்புக்கூடும் ஆகும். அடித்தளத்தையும் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப்பட்டையையும் துரு தின்றுவிட்டால், வண்டிக்கு ஆதாரமான சரீரமே போய்விடுகிறது. உறுப்புகளுள் எதுவும் ரதமன்று என்றால் ரதம் என்பது எது என்று மிலிந்த மன்னனும் பௌத்தத் துறவி நாகசேனரும் விசாரித்த அந்தப் பழைய வினா, தகடு முழுவதையும் வெட்டியெறிந்துவிட்டுப் புதுத்தகடு பற்றவைத்த வண்டியின் முன் நிற்பவன் மனத்தில் தானாகவே எழுகிறது.

இம்மாவட்டத்தின் பாலக்கோட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஓட்டுக் கொட்டகையில் நெடுங்காலமாக நின்றுபோயிருந்த ஓர் அம்பாசிடரைப் பார்க்கச் சென்னையிலிருந்து வந்தவர்களோடு நானும் நின்றிருந்தேன். உடன் வந்திருந்த டிங்கர் பானெட்டைத் திறக்கவே இல்லை. தரையில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் அடித்தளத்தை ஓரத்திலிருந்து ஓரம்வரை தட்டிக்கொண்டே போனார். ஓசை எங்கும் கணீரென்றே இருந்தது. பிறகு துணியில் சுற்றிய ஒரு காந்தத்தை எடுத்துக் கதவுகளின் அடிவிளிம்பிலும் மட்கார்டு வளைவுகளிலும் மெல்ல நகர்த்தினார். துருவேறிய பள்ளத்தைப் பட்டி வைத்து மறைத்திருந்தால் காந்தம் பிடிவிட்டு வழுக்கியிருக்கும். அது எங்கும் வழுக்கவில்லை. மிதியடியைத் தூக்கியபோது விரல் கனத்துக்குச் செம்மண் புழுதி. அதைத் துடைத்தால் அடியில் தொழிற்சாலையில் பூசிய பெயிண்ட் அப்படியே இருந்தது. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "வண்டியை யாரும் பெருசாப் பாத்துக்கிட்டதாத் தெரியல சார். ஊருதான் பாத்துக்கிட்டிருக்கு" என்றார் அவர். நூல்கள் பல பக்கங்களில் சொல்லத் தவிக்கும் ஒரு தத்துவத்தை அந்தத் தொழிலாளி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்றே கருதுகிறேன்.

இரும்பும், பிராணவாயுவும், நீரும் கூடினாலன்றித் துரு பிறப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டும்போது இரும்பின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. அந்தப் படலத்தில் நுண்ணிய மின்னோட்டங்கள் எழுந்து இரும்பைக் கரைக்கின்றன. கடற்காற்றிலுள்ள உப்பு ஈரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொண்டு இவ்விகாரத்தை மேலும் விரைவுபடுத்துகிறது. அப்படிப் பிறந்த துருவோ கெட்டியாய் ஒட்டி நிற்கும் கவசமன்று. பொரபொரத்துப் பொலபொலத்து, மேலும் நீரையும் காற்றையும் உள்ளே விடுவது. ஆகவே ஒருமுறை தொடங்கிய அரிப்பு, தடுப்பார் இல்லையேல் தகடு தீரும்வரை ஓய்வதில்லை.

சமயங்கள் இந்த மாசைப் பலவாறு சிந்தித்திருக்கின்றன. தம்மபதம் துருவைத் தீவினைக்கு உவமையாக்கி, அது அயலிலிருந்து வந்த பகையன்று, இரும்பினின்றே எழுவது என்று உணர்த்துகிறது. கிறிஸ்துவின் மலைப்பொழிவு உலகச் செல்வத்தின் நிலையாமைக்குத் துருவைச் சான்றாகக் காட்டுகிறது. நம் சைவ சித்தாந்திகளோ ஆணவ மலத்தைச் செம்பிலுள்ள களிம்புக்கு ஒப்பிட்டு, அது இடையில் வந்து ஒட்டியதன்று, அநாதியே உயிரோடு உடனிருப்பது என்று நிறுவினர். அக்களிம்பு செம்பின் முயற்சியால் நீங்குவதன்று, இரசகுளிகையின் சம்பந்தத்தால் நீங்குவது என்றும், அதுபோலவே ஆன்மாவின் மலம் திருவருளால் நீங்கும் என்றும் கூறினர்.

மாசு உள்ளிருந்து எழுவதா, வெளியிலிருந்து வருவதா என்ற இவ்விவாதத்துக்கு இரும்பின் சரித்திரமே ஒரு விடை தருகிறது. இயற்கையில் இரும்பு பெரும்பாலும் தனித்துக் கிடைப்பதில்லை. பிராணவாயுவோடு கூடிய கனிமமாகவே மண்ணில் கிடக்கிறது. பழைய தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்ததும் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருப்பதுமான மயிலாடும்பாறையின் அகழாய்வைக் கொண்டு இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்செல்கிறது என்று தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. அத்தனை பழங்காலத்தில் கரிநெருப்பில் ஊதி ஊதி நம் முன்னோர் செய்ததெல்லாம், கனிமத்திலிருந்து அந்தப் பிராணவாயுவைப் பிரித்தெடுத்ததுதான். துரு என்பது அந்தப் பிரிவு நீங்கி, இரும்பு தன் பூர்வநிலைக்குத் திரும்பும் செயல். ஆகவே மாசடையும் இயல்பு இரும்பினுள்ளேயே இருக்கிறது என்பது மெய்; அந்த இயல்பை எழுப்பும் நீரும் உப்பும் வெளியிலிருந்து வருகின்றன என்பதும் மெய். தருமபுரியின் இரும்பு சென்னையின் இரும்பைக் காட்டிலும் உத்தமமான இரும்பன்று. இரண்டும் ஒரே ஆலையில் ஒரே நாளில் வார்க்கப்பட்டிருக்கவும் கூடும். ஒன்றைச் சோதனை அணுகியது, மற்றொன்றை அணுகவில்லை, அவ்வளவே வேற்றுமை.

இவ்வுண்மையை மனிதவாழ்வில் பொருத்திப் பார்க்க நாம் கூசுகிறோம். லஞ்சம் வாங்காதவன் என்று பெயரெடுத்த ஒருவன், லஞ்சம் கொடுக்க யாரும் வந்தே இராத நாற்காலியில் முப்பது ஆண்டும் உட்கார்ந்திருந்தவனாக இருக்கலாம். குடியைத் தொடாதவன், குடியில்லாத வீட்டில் பிறந்து குடியில்லாத தெருவில் வளர்ந்தவனாக இருக்கலாம். வீழ்ந்தவனோ, பசியும் கடனும் தீய கூட்டும் ஒருங்கே சூழ்ந்த இடத்தில் தன் விருப்பமின்றியே கொண்டுபோய் நிறுத்தப்பட்டவனாக இருக்கலாம். முன்னவன் தன் தூய்மையைப் பூர்வபுண்ணியம் என்று பெருமை கொள்வதும், பின்னவனைப் பாபி என்று ஒதுக்குவதும், கொட்டகையில் நின்ற வண்டி கடற்கரையில் நின்ற வண்டியை இகழ்வதற்கு ஒப்பாகும். மாசின்மையைக் கண்டு மகிழலாம். அதைக் கொண்டு தராதரம் பிரிப்பதற்கு முன், அது எந்தக் காற்றில் நின்றது என்று கேட்பதே தர்மம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். இடமே எல்லாவற்றையும் நிர்ணயிக்கிறது என்றால் தில்லி குதுப் வளாகத்து இரும்புத்தூண் ஏன் துருவேறவில்லை, ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் வெட்டவெளியில் நின்றும்? கான்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் இதனை விரிவாக ஆராய்ந்தார். அத்தூணின் இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. அக்காலத்து உலைமுறையில் சுண்ணாம்பு சேர்க்கப்படாததால் அது கசடோடு போகாமல் இரும்பிலேயே தங்கிற்று. முதலில் படிந்த துருவோடு அந்தப் பாஸ்பரஸ் கூடி, கெட்டியாக ஒட்டி நிற்கும் மெல்லிய படலமாகி, மேலும் துரு ஏறாதபடி காத்து நின்றது. மாசே அணுகாததால் அத்தூண் நிலைக்கவில்லை; முதல் மாசையே காவலாக மாற்றிக்கொண்டதால் நிலைத்தது. தன் முதல் வீழ்ச்சியையே விழிப்பாக்கிக்கொண்ட ஞானியருக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி கிடைப்பது அரிது. தில்லியின் வறண்ட பருவமும் தூணுக்குத் துணைநின்றது என்று அறிஞர் கூறுவதால், உள்ளத்தின் திறமும் இடத்தின் உதவியும் அங்கே கைகோத்தன என்பதையும் மறைக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்த விசாரம் அதர்மமாகிவிடும். எந்த வறட்சி வண்டியின் தகட்டைக் காத்ததோ, அதே வறட்சி இந்த மண்ணின் மக்களைக் காக்கவில்லை. மழை குறைந்து ஆழ்துளைக் கிணறுகள் மேலும் மேலும் ஆழத்துக்குப் போகப் போக, பாறைகளில் நெடுநாள் தங்கி ஃபுளோரைடை ஏற்றுக்கொண்ட நீரையே தருமபுரிக் கிராமங்கள் குடித்தன. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு கூடாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதனை மீறிய நீரைக் குடித்த குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை ஏறிற்று. நெடுங்காலம் குடித்த பெரியோரின் எலும்பும் மூட்டும் இறுகின. ஒகேனக்கல்லின் காவிரி நீரைக் குழாய்வழி தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் கொண்டுவரும் கூட்டுக்குடிநீர்த் திட்டம் ஜப்பானிய உதவியோடு நிறைவேறி, 2013-இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. இரும்புக்கு அருளாக இருந்தது மனிதப் பல்லுக்குச் சாபமாக இருந்தது. ஆகவே இங்கே வண்டி தேடி வருகிறவர், தாம் கொண்டுசெல்லும் தூய்மைக்கு இவ்வூரார் தண்ணீர்ப் பஞ்சத்தால் விலை கொடுத்திருக்கிறார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஓரிடத்தின் நன்மையை எடுத்துக்கொள்பவன் அவ்விடத்தின் துன்பத்தையும் அறிந்திருக்கக் கடமைப்பட்டவன்.

இடமும் ஊழும் இவ்வளவு செய்கின்றன என்றால் மனிதனுக்குச் செய்ய என்ன இருக்கிறது என்று சோர்வது விவேகமன்று. திருக்குறளின் அதிகார அடைவைப் பார்த்தால் இதற்கு வழி தெரிகிறது. 44-ஆம் அதிகாரம் குற்றங்கடிதல்; 45 பெரியாரைத் துணைக்கோடல்; 46 சிற்றினஞ்சேராமை. தன் குற்றத்தைத் தானே களைவது முதலில். நல்லார் துணை அதற்கடுத்து. தீயார் கூட்டை விலக்குவது அதற்கும் அடுத்து. சேர்க்கையின் வலிமையை முற்றும் உணர்ந்த வள்ளுவர்கூட, சேர்க்கையை மட்டும் நம்பி மனிதனைக் கைவிடவில்லை.

பாலக்கோட்டிலிருந்து லாரியேறிச் சென்னைக்குப் போகும் அந்த வண்டியின் கதி இனி ஊரின் கையில் இல்லை. கடற்காற்றை அது முதன்முறையாகச் சந்திக்கப் போகிறது; அடித்தளத்துக்குக் காப்புப் பூச்சு அடிப்பதும், ஒவ்வொரு மழைக்குப் பின்னும் நல்ல நீரில் கழுவி உலர்த்துவதும், பெயிண்ட் சிறிது பெயர்ந்த இடத்தை அன்றே கவனிப்பதும் உரிமையாளரின் நித்திய அனுஷ்டானமாக வேண்டும். இதுவரை அதற்கு வாய்த்தது நல்லூழின் தூய்மை. இனி வேண்டுவது சாதனையால் காக்கும் தூய்மை. அதைக் காட்டிலும் உயர்ந்த பணி ஒன்று உண்டு: கடற்கரையில் துருவேறி எல்லோரும் ஒதுக்கிய வண்டியின் அடியில் படுத்து, அரித்த தகட்டை வெட்டி எறிந்து, புதுத்தகட்டை அளந்து பற்றவைத்து, அதனை மீண்டும் சாலையில் ஓடச் செய்யும் டிங்கரின் பணி. மாசற்றதைத் தேடிக் கண்டுபிடிப்பது பாக்கியம். மாசுற்றதை மீட்டெடுப்பது தர்மம். சமயங்கள் பேசும் அருள் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்றே நான் நம்புகிறேன். மனிதனை மனிதன் நடத்த வேண்டிய முறையும் அதுவே.