பழங்கல்படி

ஒரு எண் இரண்டு விதமாகப் பொய்யாகலாம். தவறாகக் கணக்கிடப்பட்டிருப்பது ஒன்று. சரியாகவே இருந்தும், தான் வந்த வழியைச் சொல்ல மறுப்பது மற்றது. முதலாவதைப் பிழை என்கிறோம். இரண்டாவதற்கு நம்மிடம் பெயர் இல்லை. அதைக் குற்றமாகக் கருதும் பழக்கமும் இல்லை.

காவிரி டெல்டாவில் சம்பா மகசூலைக் கணக்கிடும் விதத்தை எடுத்துக்கொள்வோம். தேர்ந்த வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் என்று ஒரு சதுரம் குறிக்கிறார்கள். சதுரம் எங்கே விழவேண்டும் என்பதைக் குலுக்கல் முறையில் கிடைத்த எண்கள் சொல்லும். அதற்குள் நிற்கும் கதிரை அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுகிறார்கள். இதற்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர். சதுரம் 25 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு இப்படி 400 சதுரங்கள். தராசில் 100 கிராம் கூடினால் ஹெக்டேருக்கு 40 கிலோ கூடிவிடும். 2016இல் வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் முந்தைய ஏழு வருஷங்களில் நல்ல ஐந்தின் சராசரியிலிருந்து உத்தரவாத மகசூல் தீர்மானமாகிறது. இந்த வருஷத்து எண் அதற்குக் கீழே போனால் கிராமத்துக்கு நஷ்ட ஈடு உண்டு, போகாவிட்டால் இல்லை. சில சதுரங்களின் எடை ஒரு வருவாய் கிராமம் முழுவதற்கும் தீர்ப்பாகிறது.

தராசுக்கும் தீர்ப்புக்கும் இடையில் பல முடிவுகள் இருக்கின்றன. ஈரப்பதத்துக்கு எவ்வளவு கழிப்பது? வடகிழக்குப் பருவமழையில் மூழ்கிய வயலின் எடையைச் சேர்ப்பதா, விதிவிலக்கென்று தள்ளுவதா? ஒரு சதுரம் மற்றவற்றைவிட மிக அதிகமாகக் காட்டினால் அது நல்ல விளைச்சலா, எழுதியவரின் கைப்பிசகா? ஒவ்வொரு முடிவும் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் விவசாயியிடம் வந்து சேர்வது கடைசி எண். அதை அவன் நம்பலாம், அல்லது சாலையில் உட்கார்ந்து மறியல் செய்யலாம். சோதித்துப் பார்ப்பது என்ற மூன்றாவது வழி அவனுக்குத் திறந்திருக்கவில்லை.

இந்த மூன்றாவது வழிக்கு ஒரு கருவி இருக்கிறது. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்ற பொது மென்பொருளைப் பல தேசத்தார் சேர்ந்து எழுதுவதற்காக கிட் என்ற ஒன்றைச் செய்தார். அதில் ஒரு மாற்றத்தைப் பதியும்போது யார், எப்போது என்பது சேர்ந்து பதிவாகும். ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்லும். பழையது அப்படியே இருக்க, புதியது அதன்மேல் அடுக்காக ஏறும். ஒவ்வொரு பதிவுக்கும் நாற்பது எழுத்துக்களில் ஒரு அடையாளம் உண்டு. பதிவின் உள்ளடக்கத்திலிருந்தும் அதற்கு முந்தைய பதிவின் அடையாளத்திலிருந்தும் அது பிறப்பதால், பழைய பதிவொன்றில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அதற்குப் பின்வந்த எல்லா அடையாளங்களும் மாறிப்போகும். 2008இல் தொடங்கிய கிட்ஹப் போன்ற இடங்களில் இந்தக் களஞ்சியங்களை எல்லோரும் பார்க்க வைக்கலாம். பிரதி எடுக்கிறவனுக்குக் கடைசி வடிவத்தோடு முழுச் சரித்திரமும் கிடைக்கும்.

இதைப் பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் சௌகரியத்தைத்தான் சொல்வார்கள்: எதையாவது கெடுத்துவிட்டால் பின்னால் போகலாம் என்பார்கள். மென்பொருளுக்கு அது போதும். அங்கே புதியது ஓடினால் பழையது குப்பை. தரவுகளை ஆராய்கிற வேலையில் நிலைமை வேறு. பதினோரு விதமாகக் கணக்கிட்டுப் பார்த்துப் பன்னிரண்டாவதை வெளியிடுகிறவன், அந்தப் பதினொன்றையும் தூக்கியெறிந்தால் சாட்சிகளைத் தூக்கியெறிகிறான். ஆண்ட்ரூ கெல்மனும் எரிக் லோக்கனும் 2013இல் இதைப் பற்றி எழுதியபோது தலைப்பை போர்ஹெஸின் கதையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்: கிளைத்துச் செல்லும் பாதைகளின் தோட்டம். ஏமாற்றும் எண்ணம் இல்லாதவனும், ஒரே ஒரு கணக்கைப் போட்டவனும்கூட இந்தத் தோட்டத்தில்தான் நிற்கிறான் என்பது அவர்கள் வாதம். தரவு வேறு மாதிரி இருந்திருந்தால் வேறு பாதையில் திரும்பியிருப்பான். நடந்த பாதை நேர்கோடாகத் தெரிவது திரும்பிப் பார்க்கும்போதுதான்.

இலக்கியத்தில் இந்தச் சச்சரவு நமக்குப் பழக்கமானது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதோடு விடாமல் 1907இலும் 1922இலும் திருத்திப் பதிப்பித்தார். தமது பதிப்புகளில் ஏடு தந்தவர்களின் பெயர்களை முன்னால் எழுதிவைப்பதும், பாடபேதங்களை அடியில் தருவதும் அவர் வழக்கம். டி.கே.சி.யின் வழி வேறு. கம்பனில் தமது ரசனைக்கு இசையாத பாடல்களை இடைச்செருகல் என்று விலக்கினார், சொற்களையும் திருத்தினார். அவருடைய காது நுட்பமானது என்பதை அவரை மறுத்தவர்களும் ஒப்புக்கொள்வார்கள். பல இடங்களில் அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். என் கேள்வி அதுவல்ல. உ.வே.சா.வோடு முரண்படுகிறவனுக்கு வேண்டிய சாமான்கள் அதே பக்கத்தின் அடியில் கிடக்கின்றன. டி.கே.சி.யோடு முரண்பட வேண்டுமானால் வேறு பதிப்புகளைத் தேடிப் போகவேண்டும். அவை இருந்ததால் நாம் பிழைத்தோம். மூழ்கிய வயலின் எடையைத் தள்ளுகிற அதிகாரி ஒருவகையில் டி.கே.சி.யின் வேலையைத்தான் செய்கிறார். இது இந்தக் கிராமத்தின் குரல் அல்ல என்கிறார். ஆனால் இங்கே வேறு பதிப்பு கிடையாது.

இனி, திருத்தமே பொய்யாகும் ஒரு நிலை. 2020 ஜூலை 22 அன்று தமிழக அரசு, அந்த மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை சென்னையில் நிகழ்ந்து கொரோனாக் கணக்கில் சேராமல் போன 444 மரணங்களைச் சேர்த்து அறிவித்தது. அப்போது கோவிட்19இந்தியா என்ற பெயரில் தன்னார்வலர்கள் நாடு முழுவதன் எண்களையும் நாள்தோறும் திரட்டிப் பொதுக் களஞ்சியங்களில் வைத்துக்கொண்டிருந்தார்கள். 2021 அக்டோபர் 31 வரை அது நடந்தது. இந்த 444ஐ வரைபடத்தில் எங்கே வைப்பது? அறிவித்த நாளில் வைத்தால், ஒருபோதும் நிகழாத ஒரு சிகரம் ஜூலையில் எழும். மரணம் நிகழ்ந்த நாட்களில் பிரித்து வைத்தால், நேற்றுவரை நாம் பார்த்த கடந்த காலம் இன்று வேறாகிவிடும். மே மாதத்தில் அந்தக் குறைந்த எண்களை நம்பி முடிவெடுத்தவர்கள் எதை நம்பினார்கள் என்பதே தெரியாமல் போகும். எண்ணை எங்கே வைத்தாலும் ஒரு உண்மை போய்விடுகிறது. அன்று என்ன தெரிந்திருந்தது, பிறகு என்ன தெரியவந்தது, எந்த நாளில் என்று இரண்டையும் அருகருகே வைத்தால்தான் இரண்டும் பிழைக்கும்.

இந்த அறிவு சோழநாட்டுக்குப் புதிதல்ல. கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்ட ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் உத்தரவிட்டான். பிரிக்குமுன் சுவரிலிருந்த சாசனங்களைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளவும் சொன்னான். அவன் மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவை புதுச்சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. அதற்கு முன்பே திருக்கோடிகாவலில் செம்பியன் மாதேவியின் திருப்பணியின்போதும் பழைய சாசனங்கள் புதிய கல்லில் ஏறின. அப்படி ஏறியவற்றைப் பழங்கல்படி என்று சொல்லியே வெட்டினார்கள். தான் மூலம் அல்ல, படி என்று கல்லே சொல்கிறது. அதில் பக்தியைவிடச் சட்டத்தின் நிதானம்தான் எனக்குத் தெரிகிறது. ஒரு விளக்குக்கு விட்ட ஆடுகளும், நிவந்தமாக விட்ட நிலமும் அந்த எழுத்தின்மேல் நின்றன. சுவரை இடிக்கிறவனுக்கு அந்த எழுத்தை இடிக்கும் உரிமை இல்லை.

ஆனால் கருவியிடமிருந்து நேர்மையை எதிர்பார்ப்பது அசட்டுத்தனம். கிட்டிலேயே சரித்திரத்தை மாற்றி எழுத வழி உண்டு. மூன்று வாரத் தடுமாற்றத்தை ஐந்து சுத்தமான படிகளாக அடுக்கி வெளியிடலாம். காரணம் எழுதவேண்டிய இடத்தில் 'சில திருத்தங்கள்' என்று எழுதுவது அன்றாட வழக்கம். மௌனத்துக்கு அது இன்னொரு பெயர். இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. கிராமக் கணக்கில் சுரண்டி அழிக்கக் கூடாது, கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் இடவேண்டும் என்பது கர்ணம் காலத்திலேயே தெரிந்த விதி. 1980இல் கர்ணம் பதவி ஒழிந்த பிறகும் விதி மாறவில்லை. ஆனால் தஞ்சை ஜில்லாவில் வாய்மொழிக் குத்தகைக்கு உழுதவன் பெயர் அடங்கலில் ஏறாமலே எத்தனையோ போகங்கள் கழிந்தன. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இல் தனியாகச் சட்டம் வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் அழித்தல் திருத்தல் எதுவும் இல்லாமல் இருந்திருக்கலாம். பதியப்படாதவனுக்குப் பாடபேதமும் கிடையாது. சரித்திரம் வைத்திருக்கும் கணக்கு என்பதால் அது நியாயமான கணக்கு ஆகிவிடாது. யார் விடுபட்டார்கள் என்ற கேள்வியை எந்தக் கருவியும் தானாகக் கேட்காது.

மறதியின் பக்கம் நின்றும் ஒரு ஆட்சேபம் வரும். கவிஞன் தன் கிறுக்கல்களைக் கிழித்துப் போடுகிறான். அவனை நாம் குற்றவாளி என்பதில்லை. கோவிட்19இந்தியாவின் ஆரம்ப மாதப் பட்டியல்களில் ஒரு நோயாளிக்கு ஒரு வரி இருந்தது: வயது, பால், ஊர், யாரிடமிருந்து தொற்றியிருக்கலாம் என்பது. பெயர் இல்லை. ஆனால் சின்ன ஊரில் வயதும் பாலும் போதும், பெயர் வந்துவிடும். இத்தகைய வரியைப் பின்னால் நீக்கினாலும் களஞ்சியத்தின் பழைய அடுக்குகளில் அது இருந்துகொண்டே இருக்கும். சாசனத்துக்குப் பெருமையாக இருந்த அதே குணம் இங்கே கொடுமையாகிறது.

இரண்டையும் பிரிக்கும் கோடு, அந்த எழுத்தின்மேல் யார் நிற்கிறார்கள் என்பதில் இருக்கிறது. கவிஞன் கிழித்த தாளின்மேல் வேறு யாரும் நின்றதில்லை. கிராமத்தின் மகசூல் எண்ணின்மேல் ஆயிரம் பேருடைய கடனும் அடுத்த நடவும் நிற்கின்றன. மற்றவன் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவனுடைய கணக்கு மறக்கக் கூடாது. தீர்மானிக்கப்படுகிறவனுடைய உடம்பும் பெயரும் மறக்கப்பட உரிமை உள்ளவை. நம் ஏற்பாடுகளில் இது பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. விவசாயியின் ஆதார் எண், சிட்டா, வங்கிக் கணக்கு எல்லாம் நினைவில் வைக்கப்படுகின்றன. எந்தச் சதுரத்தை ஏன் தள்ளினார்கள் என்பதற்கு நினைவு இல்லை.

ஆகவே கேட்கவேண்டியது பெரிய விஷயம் ஒன்றும் அல்ல. பெயரையும் சர்வே எண்ணையும் நீக்கிய சதுர எடைகள், அவற்றைக் கிராமத்து எண்ணாக மாற்றும் கணக்கு, அதில் செய்த ஒவ்வொரு மாற்றமும் காரணமும் திறந்த களஞ்சியத்தில் இருக்கட்டும். திருவையாற்றிலோ மன்னார்குடியிலோ கல்லூரியில் புள்ளியியல் படிக்கிற ஒரு பெண் அதை எடுத்துத் தன் ஊருக்கு ஓட்டிப் பார்க்கட்டும். அரசின் எண்ணே அவளுக்கும் வரலாம். அப்போது நஷ்ட ஈடு வராது. ஆனால் ஏன் வரவில்லை என்று அவள் தன் அப்பாவிடம் சொல்ல முடியும்.