இரவு யாருக்கு உரியது?

குறிஞ்சி நிலத்துக்குரிய சிறுபொழுது யாமம் என வகுத்தனர் நம் முன்னோர். வகுப்பறையில் இதனை நடத்தும்போதெல்லாம், விலங்குகள் திரியும் மலைவழியில் நள்ளிரவில் தனியே வரும் தலைவனையும், அவனுக்கு என்ன நேருமோ என்று நடுங்கும் தலைவியையும் எடுத்துக்காட்டுவது என் வழக்கம். அங்கே அச்சமெல்லாம் மனிதனுக்காகவே. என் பழைய மாணவர் ஒருவர் சொன்ன செய்தியோ அந்த அச்சத்தைத் திசைமாற்றி வைத்துவிட்டது.

அவர் மலைமிதிவண்டி ஓட்டுபவர். புக்கிட் தீமா இயற்கை வனமும் அதனை ஒட்டிய மிதிவண்டித் தடமும் இரவில் மூடப்படுவதை நாம் அறிவோம். மூடிய பின்னர் ஒருநாள், தலைக்கவசத்தில் விளக்கைப் பொருத்திக்கொண்டு அத்தடத்தில் சென்றிருக்கிறார். "ஐயா, பகலில் எத்தனையோ பேர் அங்கே நடக்கிறார்கள். இரவில் நான் ஒருவன் போவதால் யாருக்கு என்ன இழப்பு?" என்று கேட்டார்.

விதியை மீறியது தவறு என்று வாயடைப்பது எளிது. ஆசிரியத் தொழிலில் அந்த எளிமைக்கு நாம் அடிக்கடி இடங்கொடுத்து விடுகிறோம். ஆனால் அவர் கேட்டது விதியைப் பற்றியன்று, இழப்பைப் பற்றி.

அவ்வனத்தில் அழுங்கு வாழ்கிறது. எறும்பும் கறையானும் தின்னும் அந்தப் பல்லில்லா உயிர், பகலில் ஒளிந்திருந்து இரவில்தான் இரைதேட வெளிவரும். பகையைக் கண்டால் செதில்களை வெளிப்புறமாக்கிப் பந்துபோல் சுருண்டுகொள்ளும். புலியின் பல்லுக்கு எதிராக இயற்கை தந்த அக்காப்பு, சக்கரத்துக்கு எதிராகப் பயன்படாது. 1986இல் நிறைவுற்ற புக்கிட் தீமா விரைவுச்சாலை காட்டை இரண்டாகப் பிளந்தது. அதனைக் கடக்க முயன்று அழுங்குகள் மாண்டன. 2013இல் அச்சாலைக்கு மேலே, விலங்குகளுக்கென்றே மரங்கள் நட்ட பாலம் ஒன்று எழுந்தது. பிளந்தவர்களும் நாமே, பாலமிட்டவர்களும் நாமே. பகல் முழுவதையும் எடுத்துக்கொண்டவர்கள் இரவையாவது அவற்றுக்கு விட்டுவைக்க வேண்டாமா? பகலில் ஆயிரவர் நடப்பது இரவில் ஒருவர் செல்வதற்குச் சான்றாகாது. அதற்கு எதிரான சான்றே ஆகும்.

இதனை அவர் மறுக்கவில்லை, வேறொன்று கேட்டார். "அந்தக் காட்டை நான் நேசிப்பதே அந்த ஓர் இரவால்தான், ஐயா. காணாத ஒன்றை எப்படி நேசிப்பது?"

தடுமாறினேன். அடுக்குமாடி வீட்டில் விளக்கெல்லாம் எரிய அமர்ந்துகொண்டு காட்டின் இருளுக்காக வாதாடுபவன் அல்லனோ நான்! ஆயினும், அவர் கண்டது இரவுதானா என்னும் ஐயம் எனக்கு உண்டு. மனிதக் கண் இருளுக்கு முழுதும் பழக ஏறத்தாழ அரைமணி நேரம் வேண்டும். விளக்கின் ஒரு வீச்சு அதனைக் கெடுத்துவிடும். விளக்கோடு விரைபவர் சிறு பகல் ஒன்றைத் தம்முடன் ஏந்திச் செல்கிறார். அவர் காண்பது அதனை மட்டுமே.

அவரே பின்னர் ஒன்று சொன்னார். இறக்கத்தின் வளைவொன்றில் இரண்டு கண்கள் ஒளிர்ந்தனவாம். மரநாயாக இருக்கலாம். வண்டியை நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு நின்றிருக்கிறார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. நெடுநேரம் கழித்து மரங்களும், பிறகு தடமும் மெல்லப் புலப்பட்டன. அவ்விலங்கு எப்போது போயிற்று என்று அவர் அறியவில்லை. எஞ்சிய வழியெல்லாம் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தாராம்.

"ஏன் ஏறி ஓட்டவில்லை?" என்று கேட்டேன்.

"விளக்கைப் போட மனம் வரவில்லை, ஐயா" என்றார்.