காதை மூடும் உரிமை

காலை நேரத்து மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை நின்றுகொண்டே போகிறவர் ஹெட்போன் மாட்டிக்கொள்வதில் என்ன தவறு இருக்க முடியும்? எதிர் சீட்டில் ஒருவர் ரீல்ஸை ஸ்பீக்கரில் அலறவிடுகிறார். இன்னொருவர் தன் வீட்டுமனைப் பேரத்தைப் பெட்டி முழுவதற்கும் ஒலிபரப்புகிறார். இவர்களுக்கு நடுவில் ஹெட்போன்காரர் பண்பாளர். தன் பாட்டைத் தன்னோடு வைத்துக்கொள்கிறார். யாருக்கும் தொல்லை இல்லை. விஷயம் இவ்வளவுதான் என்றால் பேச ஒன்றுமில்லை.

இவ்வளவுதானா என்று முதலிலேயே சந்தேகப்பட்டவர், வேடிக்கை என்னவென்றால், அந்தப் பழக்கத்தை உலகத்துக்கு விற்றவரேதான். சோனி நிறுவனம் 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிறுவனர்களில் ஒருவரான அகியோ மோரிடா அதை வீட்டில் சோதித்துப் பார்த்தபோது மனைவிக்கு எரிச்சல் வந்தது. கணவர் வீட்டில் இருந்தும், தன்னை ஒதுக்கிவிட்டு எங்கோ போய்விட்டதாக அவருக்குப் பட்டது. ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளப்படும் என்று மோரிடாவுக்குத் தோன்றியது. அதனால் முதல் மாடலில் இரண்டு ஹெட்போன்களைச் செருக இடம் வைத்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டு தணியும், கருவியில் இருந்த மைக் வழியாக ஒருவர் பேசுவது இருவர் காதிலும் விழும். வாங்கியவர்களோ அதையெல்லாம் பெரிதாக எண்ணவில்லை. ஆளுக்கொரு கருவி வேண்டும் என்றார்கள். பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பொத்தான் காணாமல் போனது.

இப்போதைய இயர்பட்ஸ் பலவற்றில் வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதி இருக்கிறது. மோரிடாவின் பொத்தான் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது என்றே சொல்லலாம். ஆனால் அது போடப்பட்டிருக்கிறதா இல்லையா என்பது எதிரில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? பேருந்து நிறுத்தத்தில் கையில் பையோடு நிற்கும் ஒரு பாட்டி, வரும் வண்டி பூந்தமல்லி போகுமா என்று கேட்க ஆள் தேடுகிறார். நிழற்குடையில் மூன்று இளைஞர்கள். மூவர் காதிலும் வெள்ளையாக ஏதோ இருக்கிறது. பாட்டி ஒரு கணம் பார்க்கிறார், வாயைத் திறக்காமலே நகர்ந்து நாலடி தள்ளி இருக்கும் பூக்காரம்மாவிடம் போய், “ஏம்மா, இந்த வண்டி பூந்தமல்லி போவுமா?” என்கிறார். அந்த மூவரில் ஒருவனாவது எழுந்து வந்து ஏற்றியே விட்டிருப்பான். கேட்டால் உதவக்கூடிய பிள்ளைகள்தான். அவர்களிடம் கேட்கும் தைரியம்தான் பாட்டிக்கு வரவில்லை. இந்த நஷ்டம் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. அந்த இளைஞர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

முன்பின் தெரியாதவருக்கு நம் காதின் மீது என்ன உரிமை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பேருந்தில் தனியாகப் போகும் பெண், வேண்டாத பேச்சுக்கு வேலி போடப் பாட்டே ஓடாமல் வெறும் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறார். ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்குத் தெருச் சத்தம் உடம்பையே வலிக்கச் செய்யும். இரவு ஷிப்ட் முடித்துத் திரும்புகிறவர் யாருக்கும் அரட்டை பாக்கி வைத்திருக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2005இல் ஒலி மாசு வழக்கில் சொன்னதும் இந்தப் பக்கம்தான்: பேச ஒருவருக்கு உரிமை உண்டென்றால், கேட்க மறுக்க மற்றவருக்கும் உரிமை உண்டு. ஆகவே, ஊருக்கெல்லாம் எந்நேரமும் காதைத் திறந்து வைத்திருக்கும் கடமை எவருக்கும் இல்லை. அவசரத்துக்குக் கூப்பிட்டால் எட்டும் தூரத்தில் இருக்கும் கடமை மட்டும் உண்டு. சின்னக் கடமைதான், அதில் விலக்கு கிடையாது. 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசம் குஷிநகரில், ஆளில்லா லெவல் கிராசிங்கில் பள்ளி வேன்மீது ரயில் மோதி 13 குழந்தைகள் இறந்தார்கள். ஓட்டுநர் இயர்போன் மாட்டியிருந்தார் என்றே அப்போது சொல்லப்பட்டது. வண்டி ஓட்டுகிறவரின் காது அவருக்கு மட்டும் சொந்தமில்லை.

காது கெடும் கதை எல்லோரும் அறிந்ததுதான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரத்திலேயே அந்த ஒதுக்கீடு தீர்ந்துவிடும். உட்செவியின் முடியணுக்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. இது உடம்புக் கணக்கு, டாக்டர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

அறத்தின் பக்கம் அதிகம் பேசப்படாதது வேறொன்று. காலையில் வீட்டில் ஒரு சண்டை. அம்மாவிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டு மகன் படியிறங்குகிறான். ரயிலில் நிற்கும் அந்த முக்கால் மணி நேரத்தில், வேறு வேலை இல்லாததால், அந்த வார்த்தை திரும்பத் திரும்ப வந்து குத்தும். கிண்டியைத் தாண்டும்போது தன் பக்க நியாயம் கொஞ்சம் தேய்ந்திருக்கும். எழும்பூர் வருவதற்குள் போனை எடுத்து, “சாப்டியாம்மா?” என்று கேட்கத் தோன்றும். நம் வீடுகளில் மன்னிப்பு பெரும்பாலும் அந்த உருவத்தில்தான் வரும். இதற்கெல்லாம் யாரும் நேரம் ஒதுக்கி வைப்பதில்லை. சும்மா இருக்கும் நேரத்தில் தானாக நடப்பது. படியிறங்கும்போதே பாட்காஸ்டை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் அந்த வார்த்தை குத்தவே இடமிருக்காது. தையல் மெஷின் முன்னால் பத்து மணி நேரம் உட்காருகிறவருக்கும் இரவுக் காவலருக்கும் பாட்டு துணை. அதைப் பறிக்கச் சொல்வது கொடுமை. இங்கே கேள்வி, ஒரு நாளில் ஒரு இடைவெளிகூட மிச்சம் வைக்காதவர்களைப் பற்றியது. திருக்குறளில் கல்வி, கல்லாமை இரண்டையும் அடுத்துக் கேள்வி என்று ஒரு முழு அதிகாரம் இருக்கிறது. அதன் பிறகே அறிவுடைமை வருகிறது. வள்ளுவர் சொல்லும் கேள்வி நாள் முழுக்கக் காதில் எதையாவது ஓடவிடுவது என்று யாரும் உரை எழுதியதாகத் தெரியவில்லை.

சத்தத்தை அழிக்கும் ஹெட்போன்தான் அமைதி தருகிறதே என்பார்கள். 1978இல் ஒரு விமானப் பயணத்தில் இன்ஜின் இரைச்சல் பாட்டைக் கெடுத்தபோது ஒலிக்கருவிப் பொறியாளர் அமர் போஸுக்குத் தோன்றிய யோசனையிலிருந்து வளர்ந்தது அது. வெளி இரைச்சலை மைக் பிடிக்கும். அதற்கு நேரெதிரான அலையைக் கருவி காதுக்குள் அனுப்பும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். சீரான உறுமல் நன்றாக அடங்கும், பேச்சும் ஹாரனும் அவ்வளவாக அடங்காது. அடங்காத மிச்சத்தை மறைக்கப் பாட்டைப் போடுகிறோம். அப்படிக் கிடைப்பதை அமைதி என்பதைவிடத் தனிக்குடித்தனம் என்பது பொருத்தம்.

அந்தத் தனிக்குடித்தனம் காசுள்ளவருக்கே வாய்க்கிறது. கேன் தண்ணீர் வந்த பிறகு தெருக்குழாய்க்கு என்ன ஆனது என்பதை நாம் பார்த்திருக்கிறோம். சண்டை போடத் தெரிந்தவர்கள் கேனுக்குப் போனார்கள், குழாயடியில் மிஞ்சியவர்களின் குரல் அதிகாரிக்கு எட்டவில்லை. அமைதிக்கும் அதுவே நடக்கிறது. 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று சென்னையின் ஒரு குடியிருப்பிலிருந்து கிளம்பியது. பக்கத்து வழிபாட்டுக் கூடத்தின் ஒலிபெருக்கியும் முரசும் தாங்காமல் குடியிருப்போர் சங்கத்தார் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், போலீஸ், உயர் நீதிமன்றம் என்று ஏறி இறங்கினார்கள். பிறர் அமைதியைக் குலைத்து வழிபட எந்த மதமும் சொல்லவில்லை என்ற தீர்ப்பு அப்படித்தான் கிடைத்தது. அந்த வீடுகளில் எல்லோரும் நல்ல ஹெட்போன் ஒன்றை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தியிருந்தால் வழக்கே இல்லை. கைக்குழந்தையும் காய்ச்சல்காரரும் பரீட்சைக்குப் படிக்கும் பக்கத்துத் தெருப் பிள்ளையும் சத்தத்தை அனுபவித்திருப்பார்கள்.

அதே 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க இடம் தருகின்றன. அப்படி அறிவித்த இடத்தில் பகலில் 50, இரவில் 40 டெசிபல்தான் வரம்பு. வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறினால் யாரும் புகார் கொடுக்கலாம். ஹெட்போன் மாட்டிக்கொள்வது தவறில்லை. தன் காது தப்பித்துவிட்டது என்பதற்காக அந்தப் புகாரில் கையெழுத்துப் போட மறுப்பது தவறு.