பாகுபலியின் நெஞ்சில் நின்ற முள்

போர்முனையினின்று மீண்ட வீரர் சிலர் உறக்கமின்றித் தவிப்பதையும் சிற்றோசைக்கும் திடுக்கிடுவதையும் காண்கிறோம். இல்லறத்தார்க்கு விரோதி இம்சை முற்றும் விலக்கப்படவில்லையே, பின் ஏன் இத்துயர் என வினவுவோர் உளர். விலக்கப்படாமை வேறு, நெஞ்சில் வடு இல்லாமை வேறு. ஜினசேனரின் ஆதிபுராணத்தில், தமையனை வென்று துறவு பூண்ட பாகுபலி ஓராண்டு அசையாது நின்றும், தம்மால் பரதர்க்குத் துன்பம் நேர்ந்ததே என்னும் எண்ணம் அகலவில்லை. பரதர் நேரில் வந்து வணங்கிய பின்னரே கேவலஞானம் எய்திற்று. அந்த முள் அகல உடன்பிறந்தார் வருகை வேண்டியிருந்தது! நாமோ "பழவினை" என்று கூறி வாளாவிருக்கிறோம். (காய்ச்சலுக்கு அவ்வாறு இருப்பதில்லை.) தளர்ந்தாரை நிலைநிறுத்தும் ஸ்திதிகரணம் நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்றன்றோ? முன்னாள் படைவீரர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் 2003 முதல் பங்களிப்பு மருத்துவத் திட்டம் உண்டு. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையில், 14416 என்னும் எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம். அவர் தயங்கினால் மனைவியோ தம்பியோ முதலில் பேசலாம்.